வெறுங்கை ஆட்டம்

எங்கள் கல்லூரியில் மின்சார மணி வருவதற்கு முன்னால், நூலக வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாக்கியத்தம்மாள் என்ற உதவியாளர் அதை ஓர் இரும்புத் தடியால் அடிப்பார். அடிப்பது நின்ற பிறகும் ஓசை நிற்காது. படிக்கட்டிலும் வேப்பமரத்திலும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத்தான் போகும். அந்த ஓசையை நான் மறுபடி கேட்டது எங்கே என்று நினைக்கிறீர்கள்? இதோ இந்தக் கணினியில். இந்த ஹெட்ஃபோனில்.

உட்காருங்கள் தம்பி. நீங்கள் கணினி வாங்க வந்தவர், நான் கல்லூரி மணியைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் நீங்கள்தானே கேட்டீர்கள், இவ்வளவு நல்ல கணினியை ஏன் விற்கிறீர்கள், ஏதாவது கோளாறா என்று. கோளாறு ஒன்றும் கிடையாது. பாருங்கள், பொத்தானை அழுத்தினேன், அதற்குள் எழுந்துவிட்டது. என் அக்கா மகன் ஓசூரில் இருக்கிறான், அவன் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கிப் பூட்டிக் கொடுத்தது. இந்தத் திரையில் ஓர் அசைவு கூடப் பிசிறடிக்காது. விசைப்பலகையைத் தொட்டுப் பாருங்கள். நினைத்தவுடன் அழுந்தும். இதற்கென்றே தனியாகக் கேபிள் இணைப்பு இழுத்தேன். மின்சாரம் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. எதிராளி வாளை ஓங்குவதற்குள் நான் அடித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

ஆமாம், சண்டை விளையாட்டுதான். சிரிக்காதீர்கள். பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு பகல் மிகவும் நீளமாகிவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வீட்டில் பேச ஆள் இல்லை. அக்கா மகன்தான், "சித்தி, இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்க" என்று கோட்டைக்களத்தை அறிமுகப்படுத்தினான். இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள், கணினியிலும் ஆடலாம், ஃபோனிலும் ஆடலாம். ஆட ஆடக் கவசம், கேடயம், சிலம்பு என்று கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. என்னிடம் காற்றுச் சிலம்பு இருந்தது. அதை அணிந்துகொண்டால், ஓர் அடிக்கு அடுத்த அடி இன்னும் வேகமாக விழும். கை வேகமாக இருந்தால் அது இன்னும் வேகம் கொடுக்கும். திறமைக்குத் துணை செய்கிற பொருள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பொருநைப் படை என்று எங்களுக்கு ஒரு குழு இருந்தது. எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். மேலப்பாளையத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜக்கரியா ஒருவர். வாய் ஓயாது. மற்றவர்களும் நல்லவர்கள்தான். நான் தராசுமுள் என்று பெயர் வைத்துக்கொண்டேன், ஆனால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். எல்லோருக்கும் டீச்சர். அவர்களுக்குள் தகராறு வந்தால் என்னிடம்தான் வருவார்கள். இந்தக் கோடரி நல்லதா, அந்த ஈட்டி நல்லதா என்று நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். குழுவில் முதலிடமும் எனக்குத்தான். யாரும் கொடுத்ததில்லை. நானே ஆடி எடுத்தது.

அப்போதுதான் நத்தை வந்து சேர்ந்தார்.

பெயரைப் பாருங்கள். வேகத்துக்கென்றே இருக்கிற ஒரு விளையாட்டில் நத்தை என்று பெயர் வைத்துக்கொள்கிற ஆள், நம்மைக் கேலி செய்யத்தான் வைத்துக்கொள்கிறார் என்றுதானே நினைப்போம். பேச்சும் அப்படித்தான். நாங்களெல்லாம் மைக்கில் பேசிக்கொண்டிருப்போம், அவர் பேச மாட்டார். எழுதினாலும் ஒரே எழுத்து. வணக்கம் என்றால் "ம்". நன்றாக ஆடினீர்கள் என்றால் "ம்". காலமெல்லாம் வகுப்பில் நின்று பேசியவளுக்கு "ம்" என்று பதில். அதுவும், ஞாயிறு தவிர, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவார். எல்லோரும் காத்திருக்க வேண்டும். பெரிய ஆள் என்று நினைப்பு என்று எனக்குத் தோன்றியது. யாராக இருந்தாலும் தோன்றும்.

அவர் அணிந்திருந்தது மணிக்கேடயம். வேறு எதுவும் உருப்படியாகக் கிடையாது. அந்தக் கேடயத்தை மேலேயோ, நடுவிலேயோ, கீழேயோ ஏதாவது ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் அடி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் கேடயம் மணி போல் ஒலிக்கும். நம் அடியில் பாதி நமக்கே திரும்பி வரும். அந்த ஓசை அடங்கும்வரை நம்மால் அசைய முடியாது. எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு வலி நமக்கு. அவர் நகரவே மாட்டார். களத்தின் நடுவில் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சுற்றிச் சுற்றி அடிப்பேன். நான் அடுத்து எங்கே அடிப்பேன் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். டங்ங்... பாக்கியத்தம்மாளின் தண்டவாளம். நான் கல்லாக நிற்பேன். அவர் மெதுவாக ஒரு குத்து. மறுபடி மேலே அடிப்பேன். டங்ங்.

முதல் தடவை தோற்றபோது தற்செயல் என்று விட்டுவிட்டேன். பிறகு வாரம் தவறாமல் தோற்றேன். ஜக்கரியா மைக்கில் சொல்வார், "டீச்சர், பெல் அடிச்சாச்சு. க்ளாஸ் முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதனால்தான் நான் அந்தக் கேடயத்துக்கு எதிராகக் கணக்குப் போட்டேன் என்று பிறகு பேசினார்கள். ஒரு கேலிக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா? எனக்குத் தோற்பதில் வருத்தமே இல்லை தம்பி. சமமாக ஆடித் தோற்க வேண்டும். அதுதான் என் பேச்சு, அன்றைக்கும் இன்றைக்கும்.

மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். எங்கள் குழுவின் ஆட்டங்கள் மட்டுமில்லை, கிடைத்ததையெல்லாம். மணிக்கேடயத்தை யார் அணிகிறார்கள்? பெரும்பாலும் மெதுவாக ஆடுபவர்கள். பழைய ஃபோனில் ஆடுபவர்கள், நெட் விட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்கள் அந்தக் கேடயம் இல்லாமல் ஆடினால் அநேகமாக எல்லா ஆட்டத்திலும் தோற்கிறார்கள். அதை அணிந்தால் பாதி ஆட்டம் ஜெயிக்கிறார்கள். பாதி! ஒன்றுமே இல்லாதவரை ஒரு பொருள் பாதிவரை தூக்கிக்கொண்டு வருகிறதென்றால், அந்தப் பொருளில் எவ்வளவு அநியாயம் இருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். காற்றுச் சிலம்பை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று ஜக்கரியா ஒருமுறை கேட்டார். அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லையே, எடுப்பதற்கு என்ன காரணம் என்றேன்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. ஒரு மனிதரைப் பற்றிப் புகார் எழுதுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டுமில்லையா? எங்கள் படையில் ஒரு வழக்கம் இருந்தது. வெறுங்கை ஆட்டம் என்று சொல்வோம். இரண்டு பேருக்குள் யார் பெரியவர் என்ற பேச்சு வந்தால், ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோர் முன்னிலையிலும் கவசம், கேடயம், சிலம்பு எல்லாவற்றையும் கழற்றிக் களத்து ஓரத்தில் வைத்துவிட வேண்டும். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். இரண்டு உருவமும் ஒரே மாதிரி இருக்கும், கோழிக்குஞ்சு மாதிரி. பார்க்கச் சிரிப்பாக வரும். ஆனால் அதைவிடச் சமமான ஆட்டம் எதுவும் கிடையாது. அங்கே பொருளும் இல்லை, சக்தியும் இல்லை. ஆள் மட்டும்தான்.

நத்தையை அதற்கு அழைத்தேன். அவர் எழுதியது, "ம்".

என் சிலம்பை நான் கழற்றி வைத்தேன். மனதார வைத்தேன். அவர் கேடயத்தைக் கழற்ற நேரமானது. அங்கே இங்கே தடவுவது போல அந்த உருவம் நின்றுகொண்டே இருந்தது. ஜக்கரியா கூட, "என்ன நத்தையண்ணே, பிரிய மனசில்லையா?" என்று கேட்டார். ஒருவழியாகக் கழற்றி வைத்தார். ஆட்டம் தொடங்கியது. நான் போய் அடித்தேன். அவர் நின்றார். இன்னொரு பக்கம் போய் அடித்தேன். ஒருமுறை கையைத் தூக்கினார், அது மேலே வருவதற்குள் நான் பின்னால் போய்விட்டேன். அவ்வளவுதான். விழுந்துவிட்டார். இவ்வளவு நாள் ஜெயித்தது ஆள் இல்லை, கேடயம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்குக் கைதட்டியவர்கள்தான் பிறகு என்னைப் பேசினார்கள், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆட்டத்தின் பதிவையும் என் கணக்கையும் சேர்த்து விளையாட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பாடம் நடத்துவது போல, படங்கள் போட்டு, ஒரு மாணவிக்கும் சந்தேகம் வராதபடி எழுதியிருந்தேன். அவர்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். அடுத்த அப்டேட்டில் மணிக்கேடயம் மாறிவிட்டது. திருப்பி அடிப்பது பேருக்குத்தான். எதிராளி கல்லாக நிற்பதை எடுத்தே விட்டார்கள். ஓசையை மட்டும் அப்படியே வைத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறது, எல்லோருக்கும் பிடிக்கிறது என்று.

வந்து பார்த்தால் நத்தை அதே கேடயத்தோடு நிற்கிறார். அடித்தால் டங்ங் என்கிறது. ஆனால் ஒன்றும் ஆவதில்லை. அடித்துக்கொண்டே இருக்கலாம், மணியும் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் அவரை ஜெயித்தார்கள். புதிதாக வந்த ஆட்கள் கூட. வேறு பொருள் எடுத்துப் பழகலாமே என்று எழுதினேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். அன்றைக்கு முதல்முறையாக அவர் ஒரு முழு வரி எழுதினார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் மூன்று புள்ளி அசையுமே, அது அசைந்துகொண்டே இருந்தது. நான் எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வந்தேன், அப்போதும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு வந்தது.

"டீச்சர், மணி அடிச்சாத்தான் நான் நிக்கேன்னு எனக்கே தெரியும். அத மட்டும் திருப்பி தரச் சொல்லுங்க."

நான் பொறுமையாகத்தான் பதில் எழுதினேன். மணி இன்னும் அடிக்கத்தானே செய்கிறது, ஓசையை யாரும் எடுக்கவில்லை, மாறியது விளைவு மட்டும், ஓசைக்கும் விளைவுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். நீங்கள் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்கு எப்போதும் தெரியுமே என்றும் எழுதினேன். அவர் "ம்" என்றார்.

காபி சாப்பிடுகிறீர்களா? வேண்டாமா. சரி.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மைக்கில் இருக்கிறோம். நத்தையின் பெயரில் ஒரு பெண்குரல்.

"டீச்சர்ங்கது யாரு? நான் ஜெபத்துரை தங்கச்சி பியூலா பேசுதேன். நத்தைன்னு வருவான்லா, அவன் தங்கச்சி. சாயர்புரத்துல இருந்து."

நான்தான் டீச்சர் என்றேன்.

"சண்டை போடதுக்கு வரல டீச்சர். தெரிஞ்சிக்கிடுங்கன்னுதான் சொல்லுதேன். அண்ணனுக்கு தசை எல்லாம் செத்துக்கிட்டே வருது, சின்னதுலயே வந்த வியாதி. படுக்கையிலதான் இருக்கான். வலது கையில ரெண்டு விரல் மட்டும் அசையும். நான் துணிக்கடை வேலை முடிஞ்சு வந்துதான் என் போனை அவன் நெஞ்சுல சாத்தி வச்சுவிடணும். ம்-முக்கு மேல அடிச்சா விரல் ஓஞ்சிரும். அன்னைக்கு உங்களுக்கு எழுதுனான்லா, அதுக்கப்புறம் ரெண்டு நாள் ஸ்பூனைக்கூட தொட முடியல."

அந்தப் பெண் மறுபடி சொன்னாள், "விரல் வேகத்துக்கு அவன் எங்க போவான்? நீங்க எங்க அடிப்பீங்கன்னு பகல் பூரா கூரை மோட்டைப் பாத்துக்கிட்டு யோசிச்சு வச்சிருப்பான். டீச்சரு மேல ரெண்டு தடவை அடிச்சா அடுத்து கீழதான் வருவாங்கன்னு எங்கிட்ட சொல்லுவான். உங்களைப் பத்திதான் எப்பவும் பேச்சு."

கேட்பதற்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அதற்கெல்லாம் ஒரு விளையாட்டின் விதி வளைந்து கொடுத்தால் பிறகு அது விதியா? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பரீட்சையில் இரங்கி மதிப்பெண் போட்டதில்லை நான். அதனால் ஒரு யோசனை சொன்னேன். இப்படிப்பட்டவர்களுக்கென்று தனியாக ஒரு களம் வைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதுகிறேன், அங்கே அவர்களுக்குள் ஆடிக்கொள்ளட்டும், சமமாகவும் இருக்கும், மனம் நோகவும் வேண்டாம் என்றேன். எவ்வளவு நியாயமான யோசனை.

அந்தப் பெண் பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு சொன்னாள், "ம்-முன்னு சொல்லச் சொல்லுதான்."

அதோடு தொடர்பு போய்விட்டது. அவர் பிறகு வரவில்லை. பெயர் மட்டும் பட்டியலில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஜக்கரியா, "டீச்சர், அந்த வெறுங்கை ஆட்டத்துல நீங்க துண்டோட நின்னது நிஜம்தான். ஆனா உங்க கம்ப்யூட்டரைக் கழட்டி வைக்கலையே. கையைக் கழட்டி வைக்கலையே" என்று எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டார். பாருங்கள், எப்படிப்பட்ட பேச்சு! கணினி ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற பொருள். ஆட்டத்துக்குள் இருப்பதைத்தானே கணக்கில் எடுக்க முடியும்? கையை யாராவது கழற்றி வைப்பார்களா? படித்தவர் இல்லை, விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் போனதும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவர் கூடக் காரணம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மட்டும் மைக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மின்விசிறிச் சத்தம் எனக்கே திரும்பக் கேட்கும். முதலிடம் எனக்குத்தான். இரண்டாமிடத்தில் யாரும் இல்லை.

சரி, வெளியாட்களோடு ஆடலாம் என்று ஆடிக்கொண்டிருந்தேன். போன பங்குனியிலிருந்து இந்தக் கட்டைவிரல். இதோ, இந்த மூட்டு. வாதம் என்கிறார் டாக்டர். வீங்கியிருப்பது தெரிகிறதா? சட்னிக்குத் தேங்காய் உடைக்க முடியவில்லை. விசை நினைத்தவுடன் அழுந்துகிறது, விரல்தான் நினைத்தவுடன் போக மாட்டேன் என்கிறது. அடிக்க வேண்டும் என்று தோன்றுகிற நேரத்துக்கும் அடி விழுகிற நேரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகலாம். பள்ளிப் பிள்ளைகளெல்லாம் வந்து அடித்துவிட்டுப் போகிறார்கள். காற்றுச் சிலம்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக அடித்தால் அது ஒன்றும் செய்யாது.

ஒருநாள் மணிக்கேடயத்தை எடுத்து மாட்டிப் பார்த்தேன். சும்மா, அதன் விளைவு இப்போது சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கத்தான். ஆராய்ச்சி செய்தவள் முடிவைச் சரிபார்க்க வேண்டுமில்லையா? களத்தின் நடுவில் நின்றேன். எதிரே வந்தவர் யாரோ, பெயர் கூடத் தெரியாது. அவர் எங்கே அடிப்பார் என்று யோசித்துக் கேடயத்தை முன்னாலேயே கீழே பிடித்துக்கொண்டேன். நான் நினைத்தது சரி, கீழேதான் அடித்தார். டங்ங் என்றது. நூலக வாசலில் நிற்பது போல இருந்தது ஒரு கணம். ஆனால் அவர் நிற்கவில்லை. ஓசை அடங்குவதற்குள் இன்னும் பல அடி விழுந்துவிட்டது. அடுத்ததையும் சரியாக ஊகித்தேன். அதற்கு அடுத்ததையும். ஒவ்வொன்றுக்கும் மணி அடித்தது. கடைசிவரை சரியாகவே ஊகித்து, கடைசியில் தோற்றேன். பரிசோதனை திருப்தி. சொன்னபடியே மாற்றியிருக்கிறார்கள். எந்தக் குறையும் இல்லை.

இல்லை, மறுபடி போடவில்லை. கொஞ்ச நாளில் உட்காரவே தோன்றவில்லை. நிறுவனத்துக்கு ஒன்று எழுதலாமா என்று ஒருமுறை யோசித்தேன், இந்த வாதம் வந்தவர்களைப் பற்றி. பிறகு விட்டுவிட்டேன். எழுதினால் அவர்கள் என் பழைய கணக்கையே எடுத்துக் காட்டுவார்கள். அது சரியான கணக்கு, அதில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது.

எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. உங்கள் மகளுக்கு என்றீர்களே, அவள் படம் வரைய நன்றாக உதவும். ஹெட்ஃபோனையும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். இந்தக் கம்பியைக் கழற்ற மட்டும் நீங்கள்தான் வர வேண்டும், என் விரலுக்கு அந்தத் திருகு வராது.

யார், அந்த ஜெபத்துரையா? நானாக விசாரிக்கவில்லை. ஜக்கரியா கடைக்குச் செருப்பு வாங்கப் போனபோது அவராகச் சொன்னார், பில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். பியூலாவுக்குக் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாளாம். அவரை நாசரேத் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே யாருக்கும் ஃபோன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.